தொண்ணூற்றேழாவது கண்ணி

பள்ளியாடிக்கும் இரணியலுக்கும் நடுவே
ஒரு லெவல் கிராசிங்கில் எனக்கு ராத்திரி டூட்டி.
வண்டி போய், கேட்டைத் தூக்கிவிட்டு,
பதிவேட்டில் நேரம் எழுதி முடித்தால்
அடுத்த போன் வரும்வரை
மேசை இழுப்பறையில் இருக்கிறது என் குற்றம்:
வெள்ளைப் பருத்தி நூல்,
உடைந்த குடையிலிருந்து கழற்றி
சிமெண்டுத் தரையில் தேய்த்து முனைகட்டிய இரண்டு கம்பி,
கட்டம் போட்ட ஒரு தாள்.

தாளில் வட்டம் என்றால் துளை.
சாய்கோடு என்றால் இரண்டைச் சேர்த்து ஒன்று.
வரிக்கு நூற்று நாற்பத்து மூன்று கண்ணி.
ஓர் இடத்தில் துளை விழுந்தால்
இன்னோர் இடத்தில் சேர்த்தாகவேண்டும்,
வரி முடிவில் அதே நூற்று நாற்பத்து மூன்று.
என் சம்பளக் கணக்கு ஒருநாளும் இப்படி ஒத்துவந்ததில்லை.

தங்கச்சி ஜெபஷீலாவின் கல்யாண முக்காட்டுக்கு என்று
தொடங்கினேன். கல்யாணத்தன்று ஒரு சாண் இருந்தது.
மார்த்தாண்டத்தில் நெட் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.
சரி, பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு என்றேன்.
அதற்கு ஒன்றரைச் சாண்.
பிள்ளை இப்போது நடக்கிறான்,
நூல்கண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான்.
இனி எதற்கு என்று யாரிடமும் சொல்வதில்லை.

நேந்திரன் குலை ஏற்றிவரும் டெம்போக்காரர் ஏசுவடியான்
கேட் திறக்கக் காத்துநிற்கையில்
ஜன்னல் வழியே எட்டிப்பார்ப்பார்.
“அண்ணைக்குப் பாத்த அளவுலதானே கெடக்கு?”
“ரெண்டு வரி கூடியிருக்கு.”
குலை எண்ணிக் காசு வாங்குகிறவர்.
ரெண்டு என்றால் அவருக்கு ரெண்டுதான்.
மதித்துத் தலையாட்டுவார்.

ஆனிச் சாரல் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை
தொண்ணூற்றேழாவது கண்ணியில் போன் அடித்தது.
குணசீலன் சார் குரல்: வண்டி வருது,
நம்பர் முப்பத்தொன்பது.
முப்பத்தொன்பது என்று திருப்பிச் சொன்னேன்.
எழுதினேன், என் நம்பரைக் கொடுத்தேன்,
கேட்டை இறக்கிப் பூட்டினேன்,
மழையில் பச்சை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கடைசிப் பெட்டியின் சிவப்பு வளைவில் மறையும்வரை
எதிலும் பிழையில்லை.

திரும்பி உட்கார்ந்தபோது
வாயில் இருந்தது முப்பத்தொன்பது.
நாற்பது, நாற்பத்தொன்று என்று போய்விட்டேன்.

நாலு வரி கழித்துத்தான் கண்ணில் பட்டது.
எல்லா இலையும் ஒருபக்கம் சாய
ஒரே ஓர் இலை மட்டும் எதிர்ப்பக்கம்,
அதற்கு மட்டும் தனியாகக்
குளச்சல் கடலிலிருந்து காற்று வீசுவதுபோல.

சரியாக வந்த வரி ஒன்றின் கண்ணிகளுக்குள்
ரோஸ் நூல் ஒன்றை ஓட்டிவைப்பது என் பழக்கம்.
எவ்வளவு உருவினாலும் அதற்குக் கீழே போகாது.
ரோஸ் நூல் பதினொரு வரிக்குக் கீழே இருந்தது.
நாலு வரி பிழை.
நடுவிலிருந்த ஏழு வரி ஒரு தப்பும் செய்யவில்லை,
அவையும் போகவேண்டும்.

பின்ன ஆறு வாரம். உருவ ஒரு கட்டன்சாயா ஆறும் நேரம்.
நூல் நேராக வரவில்லை,
இருந்த வளைவுகளையெல்லாம் மறக்காமல்
சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது.

ஏசுவடியான் வந்தார், பார்த்தார்.
“கொறஞ்சிருக்கே?”
“ஆமா.”
கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு சீப்பு மட்டிப்பழம் ஜன்னலில் வைத்துவிட்டு
வண்டியைக் கிளப்பினார்.
பழம் தின்ற கையோடு வெள்ளை நூலைத் தொடமுடியாது,
கழுவித் துடைக்கக் கால்மணி நேரம் போயிற்று.

இப்போதெல்லாம் போன் அடித்தால்
எண்ணிக்கையைக் கையோடு விட்டுவிடுகிறேன்.
வண்டி போனபிறகு ஒன்றிலிருந்து.
இன்று ராத்திரி மூன்று முறை ஒன்றிலிருந்து.

மணி நாலேகால்.
தவளைகள் ஓய்ந்துவிட்டன.
ஒரு வரி ஏறியிருக்கிறது,
பார்வைக்குச் சரியாகத்தான் தெரிகிறது.
ரோஸ் நூலை இதில் ஓட்டிவைக்கலாம்,
அதற்குமுன் ஒருதடவை சரிபார்த்துவிட்டால்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு
போன்.